குப்பம் முந்தியதா, கார் முந்தியதா?

1895இல் சென்னைத் தெருவில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953இல் நின்றது. தெரு மோட்டாருக்கு என்றாயிற்று. அந்த வழக்கம் இன்று கடற்கரைக்கும் வந்துவிட்டது!

நொச்சிக்குப்பத்தைப் பாருங்கள். கரையேறிய மீனை வாசலிலேயே விற்று வந்த தாய்மார்கள், 2023 ஏப்ரலில் லூப் சாலைக்கு ‘இடையூறு’ ஆனார்கள். உயர்நீதிமன்றம் தானே வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர் மறியலில் அமர்ந்தனர். சாலை வந்தது எப்போது? குப்பம் இருந்தது எப்போது?

2024 ஆகஸ்டில் அங்காடி திறக்கப்பட்டது. நல்லது, வரவேற்போம். வலை உலர்த்த மணல்? பாண்டி பஜாரில், சேலை வாங்க வருவோர் நடப்பதற்கென்று 2019இல் காரை ஒதுக்கினார்களே. மீன் விற்பவள் நிற்பதற்கு ஒதுக்கலாகாதா? பூங்கா வரட்டும், நிழற்குடை வரட்டும். வரைபடம் போடுமுன் அவளைக் கேளுங்கள். காலை நேரத்திலாவது லூப் சாலையைக் காருக்கு மூடுங்கள்!