படிக்கலாம், எழுதக் கூடாது!
பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கணக்கப்பிள்ளையின் மேசையில் இரண்டு புத்தகங்கள் இருக்கும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அதிலிருந்து கணக்குவாரியாக எடுத்தெழுதுவது பேரேடு. பேரேடு தீக்கிரையானாலும், அதன் பழைய பிரதியும் அதற்குப் பின் எழுதிய குறிப்பேட்டுத் தாள்களும் இருந்தால் மீண்டும் எழுதிவிடலாம் அல்லவா? கணிப்பொறிகள் தகவல்களைக் காப்பதும் இவ்வாறே, தோழியரே!

மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். முதலில் முழு நகல் ஒன்று வேறொரு கணிப்பொறியில் ஏற்றப்படும். அதுவே துணைச் சர்வர். பின்னர் குறிப்பேட்டின் புதிய பகுதி மட்டும், வழக்கமாக 15 நிமிடங்களுக்கு ஒரு முறை, அங்கே அனுப்பி ஏற்றப்படும். நடுவில் ஒரு பகுதி தொலைந்தால் அடுத்தது ஏறவே ஏறாது.

இனி வருவதுதான் வியப்பு. ஒரு பகுதி முடியும் நொடியில் சில வேலைகள் பாதியில் நிற்கும். ஒருவர் கணக்கில் 500 ரூபாய் கழிக்கப்பட்டிருக்கும். மற்றவர் கணக்கில் இன்னும் சேர்ந்திராது. அதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? ஆகவே துணைச் சர்வர் அந்த அரைகுறை வேலைகளை விலக்கி, அவற்றைத் தனிக் கோப்பில் பத்திரப்படுத்துகிறது. அடுத்த பகுதி வந்ததும் மீண்டும் பழைய இடத்தில் வைத்துவிட்டுத் தொடர்கிறது. இடைப்பட்ட நேரத்தில் படிக்கலாம், எழுத அனுமதியில்லை. ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் மூலத்தின் வரிசையோடு பொருந்தாது போய்விடுமே! ஏற்றும் சமயத்தில் படிப்பவர்களும் வெளியேற வேண்டும். (நூலகத்தில் கதை சுவைக்கும்போது மணி அடிப்பதைப் போன்ற கொடுமைதான் இது!)

வேண்டுமென்றே சில மணி நேரம் தாமதித்து ஏற்றுவதும் உண்டு. மூலத்தில் யாரேனும் தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால், அந்த அழிவு வந்து சேருமுன் துணையிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் நிறுவனத்தில் மூலத் தரவுத்தளமே தவறுதலாக அழிக்கப்பட்டது. அங்கிருந்த துணையும் அன்று பழுதாகி நின்றது. அன்றாட நகலைத் தேடினால், அதுவும் இல்லை! நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பு பழையதாக இருந்ததால் அவ்வேலை நடக்கவேயில்லை. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்திற்கு முன் சோதனை வேலைக்காக எடுத்த பிரதி ஒன்று இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. அதன் பின் எழுதப்பட்டவை திரும்பவில்லை. நகலை அன்றன்றே வேறொரு கணிப்பொறியில் ஏற்றிப் பார்த்திருந்தால், ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.