கூட்டுறவும் மக்கள் பங்கேற்பும்: இலங்கை அனுபவம் குறித்துச் சில சிந்தனைகள்

கிராமிய அபிவிருத்தி பற்றிய திட்ட அறிக்கை எதனை எடுத்துக்கொண்டாலும் ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் தொடர் அதன் முதற் பக்கங்களிலேயே காணப்படுகின்றது. பங்கேற்பு என்பது யாது என்பதை அவ்வறிக்கைகள் விளக்குவது அரிது. கூட்டத்துக்கு வருவதும், சிரமதானத்தில் மண்வெட்டி பிடிப்பதும், அதிகாரி வாசிக்கும் தீர்மானத்துக்குக் கை உயர்த்துவதும் பங்கேற்பு எனக் கொள்ளப்படுகின்றன. உற்பத்திப் பொருளை அளப்பவர் யார், விலையை நிர்ணயிப்பவர் யார், கணக்குப் புத்தகம் எவர் கையில் உள்ளது என்னும் வினாக்களே பங்கேற்பின் உரைகல் என நாம் கருதுகின்றோம். இலங்கையின் கூட்டுறவு வரலாற்றை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பது பயனுடையது.

1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டத்துடன் இவ்வியக்கம் இங்கு சட்ட வடிவம் பெற்றது. வட்டிக்கடையின் பிடியிலிருந்து விவசாயியைச் சற்றே விடுவிப்பதற்கு மேலாகக் குடியேற்ற அரசு எதனையும் நாடியிருக்குமென நாம் எண்ணவில்லை. எனினும், வரையறையற்ற பொறுப்பு என்னும் அடிப்படையில் அமைந்த அச்சிறு சங்கங்களில் ஒருவர் பெற்ற கடனுக்கு அயலவர் அனைவரும் பொறுப்பாளிகளாயினர். யாருக்குக் கடன் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்பதை ஊரார் கூடிப் பேசியே முடிவு செய்தனர். தவறினால் நட்டம் அவர்களுடையது. ஆகவே விழிப்பும் அவர்களுடையதாயிற்று.

யாழ்ப்பாணத்தில் இம்மரபு நன்கு வேரூன்றியது. திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்த புகையிலைச் செய்கையாளர் 1930களில் தமக்கென விற்பனைச் சங்கம் அமைத்தனர். அதே காலப்பகுதியில் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. இவை பெருமைக்குரிய முயற்சிகளே. ஆனால் இவற்றை ‘ஊரின் கூட்டுறவு’ எனப் பொதுப்படக் கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். செய்கை நிலமும் ஈடுவைக்கச் சொத்தும் உடையோருக்கே சங்கத்தின் வாயில் அகலத் திறந்திருந்தது. அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தவருக்கு அக்கூட்டுறவில் இருந்த பங்கு மிகச் சிறிது.

இரண்டாம் உலகப் போர் கூட்டுறவின் இயல்பையே மாற்றிற்று. உணவுப் பங்கீட்டுக்கென நாடெங்கும் பண்டகசாலைச் சங்கங்கள் ஆயிரக்கணக்கில் தோன்றின. உற்பத்தியாளனாகச் சங்கத்துக்குள் வந்தவன் பங்கீட்டுப் புத்தகத்துடன் வரிசையில் நிற்பவனானான். 1957இல் பிலிப் குணவர்தன உணவு, விவசாய அமைச்சராயிருந்த வேளையில் தொடங்கிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத் திட்டம் இதனைத் திருத்த முயன்றது. கடனும் விளைபொருட் கொள்வனவும் நுகர்பொருள் விநியோகமும் ஒரே கூரையின் கீழ் வர வேண்டுமென்பது அதன் நோக்கு. நோக்கில் குறை காண்பதற்கில்லை. ஆனால் 1971இல் ஏறக்குறைய 5,000 சங்கங்கள் இணைக்கப்பட்டு 400க்கும் குறைவான பெருஞ் சங்கங்களாக்கப்பட்டன. சிறு சங்கங்கள் பொருளாதார வலுவற்றவை என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அது பொய்யன்று, பல சங்கங்கள் ஒரு முகாமையாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் இயலாதிருந்தன. எனினும் ஊர்ச் சங்கம் கிளையாயிற்று. கணக்குப் புத்தகம் தலைமையகத்துக்குப் போயிற்று. பணிப்பாளர் சபையில் நியமன உறுப்பினர் இடம்பெற்றனர். ஆட்சி மாறுந்தோறும் சபைகளும் மாறின.

இதன் விளைவு 1977இன் பின் வெளிப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, 1979இல் பங்கீட்டு அரிசியின் இடத்தை உணவு முத்திரை பிடித்தபோது, மக்கள் சங்கக்கடையை விட்டுத் தனியார் கடைக்குச் சென்றனர். தம்முடைய சொத்தொன்று நலிகின்றது என்ற கவலை பெரும்பாலான உறுப்பினரிடம் காணப்படவில்லை. தமதென்று உணராத ஒன்றுக்காக எவரும் வருந்துவதில்லையன்றோ! அதே காலத்தில், 1978 முதல், கேகாலை மாவட்டத்து வல்கம கிராமத்திலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களை மீள உயிர்ப்பிக்கத் தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. அச்சங்கங்களின் மூலதனம் உறுப்பினரின் சொந்தச் சேமிப்பு.

வடபகுதிச் சீவல் தொழிலாளரின் சங்கங்கள் இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. கள் சில மணி நேரத்துள் புளித்துவிடும் பண்டம். காலையில் பனையேறி முட்டியை இறக்கியவர் நல்ல விலை வரும்வரை அதனை வைத்திருக்க முடியாது. எனவே அளவையும் விலையையும் வாங்குபவரே சொல்வார். மரமோ பெரும்பாலும் பிறருடையது. விழுந்து முடமானால் குடும்பத்துக்கு ஆதாரமில்லை. இத்தனைக்கும் மேலாகச் சாதி ஒடுக்குமுறை இருந்தது. கோயிலிலும் தேநீர்க்கடையிலும் சம உரிமை கோரி 1966 முதல் யாழ்ப்பாணத்தில் நடந்த போராட்டங்களில் முன்னின்றோருள் இம்மக்களும் அடங்குவர். அப்போராட்டங்களின் சூடு தணியாத 1970களின் முற்பகுதியில் கள் விற்பனை சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் வந்தது. இதனை வெறும் மதுவரி நிருவாக மாற்றமாகக் காண்பது குறைப்பார்வை என்போம்.

சங்கத்தின் தவறணையில் கள் அளந்து ஏற்கப்பட்டது; விலை முன்கூட்டியே தெரிந்திருந்தது. பருவத்தில் மிகுந்த கள்ளை வடித்துச் சாராயமாக்கும் வழி பின்னர் பிறந்தது. வடமராட்சியின் திக்கம் வடிசாலை அவ்வாறு எழுந்ததே. அழியும் பண்டம் அழியாப் பண்டமானபோது பேரம் பேசும் வலு உற்பத்தியாளர் பக்கம் சிறிது சாய்ந்தது. ஊர் மன்றங்களின் முற்றத்தில் நிறுத்தப்பட்டவர் இங்கு தலைவராகவும் பொருளாளராகவும் அமர்ந்தார். போர் பெருந்தொகையான பனைகளை அழித்தது, தொழிலாளர் இடம்பெயர்ந்தனர். அவ்வாறிருந்தும் இச்சங்கங்கள் முற்றாக மறைந்துவிடவில்லை.

இவற்றிலும் அரசின் கை இல்லாமலில்லை. மதுவரி அனுமதிப்பத்திரமின்றித் தவறணையில் ஒரு துளியும் விற்க முடியாது. அதனினும் நாம் கருத்திற் கொள்வது வேறொன்று. பதநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்குவதும், ஒடியலைக் காயவைப்பதும், ஓலையைப் பின்னுவதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. பனையேறுபவரின் பெயர் மட்டுமே சங்கப் பதிவேட்டில் உறுப்பினராக எழுதப்படுமிடத்து, அவ்வுழைப்பு ‘குடும்ப உதவி’ என்னும் பெயரில் கணக்கிலிருந்து விடுபடுகின்றது. பனங்கட்டியின் விலையை முடிவு செய்யும் கூட்டத்தில் அதனைக் காய்ச்சியவளுக்கு வாக்கு இல்லை.