கடிபட்ட இலையும் ஒரு பாடமே!
பள்ளிப் புல்தரைக்குப் பதிலாக மண்ணுக்குரிய செடிகள்

பள்ளியில் பூங்கா அமைக்கலாம் என்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் ஒரே காட்சிதான் எல்லோர் மனத்திலும் தோன்றுகிறது. கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கொரியன் புல்தரை, ஓரத்தில் கத்தரித்த டுரண்டா வேலி, இடையிடையே குரோட்டன்ஸ். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புல்லில் மாணவர்கள் கால் வைக்கக் கூடாது. பூச்சி வந்தால் மருந்தடிக்க வேண்டும். மே மாத விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றால் கருகிவிடும். மாணவருக்கு அதில் கற்க என்ன இருக்கிறது?

அந்த இடத்தில் நம் மண்ணுக்குரிய செடிகளை வளர்த்தால் தண்ணீர்ச் செலவு குறையும். அறிவியல், கணக்கு, தமிழ் ஆகிய மூன்றுக்கும் ஒரு திறந்தவெளி வகுப்பறையும் கிடைக்கும். விளையாட்டுத் திடலை இதில் சேர்க்க வேண்டாம். குழந்தைகள் ஓடியாடும் இடம் அப்படியே இருக்கட்டும். வெறும் பார்வைக்காக வைத்திருக்கும் புல்தரையைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

தண்ணீர்க் கணக்கு

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் நீர் 1 லிட்டர். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட புல்தரையின் பரப்பு 200 சதுர மீட்டர். கோடையில் நாள்தோறும் 5 மி.மீ. அளவுக்கு நீர் பாய்ச்சினால் நாளொன்றுக்கு 1,000 லிட்டர், வாரத்துக்கு 7,000 லிட்டர் ஆகும். அதே இடத்தில் 40 கன்றுகளை நட்டு, கன்றுக்கு 10 லிட்டர் வீதம் வாரம் இருமுறை ஊற்றினால் 800 லிட்டர் போதும். வறட்சி தாங்கும் ஆவாரை, நொச்சி போன்றவை வேர்பிடித்த பிறகு பெரும்பாலும் மழையை நம்பியே வாழ்ந்துவிடும். இந்தக் கணக்கை மாணவர்களையே செய்யச் சொல்லலாம். தங்கள் பள்ளிப் புல்தரையை அவர்களே அளந்து கண்டுபிடித்த விடை எளிதில் மறக்காது.

ஏன் மண்ணுக்குரிய செடி?

செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள இலைகளில் பலவகை வேதிப்பொருள்களைச் சேர்த்து வைக்கின்றன. நெடுங்காலம் உடன் வாழ்ந்த பூச்சிகளே அவற்றைச் சமாளிக்கும் திறன் பெற்றுள்ளன. அதனால்தான் பல வண்ணத்துப்பூச்சிகள் குறிப்பிட்ட சில செடிகளில் மட்டும் முட்டையிடுகின்றன. கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும், கொன்றை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை, வெந்தய வரியனுக்கு எருக்கு, வெண்புள்ளிக் கருப்பனுக்கு நன்னாரி என்று ஒவ்வொன்றுக்கும் உணவுச் செடி உண்டு. தொலைவிலிருந்து வந்த அலங்காரச் செடியின் இலையை நம் ஊர்ப் புழுக்களில் பல தொடுவதில்லை.

புழு இல்லையென்றால் பறவையும் இல்லை. தேன் குடிக்கும் தேன்சிட்டும் தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும் தம் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகின்றன. ஆகவே ஓட்டை விழுந்த இலையைக் கண்டால் நோய் என்று பதற வேண்டாம். உணவுச் சங்கிலி அந்த இலையிலிருந்துதான் தொடங்குகிறது.

எந்த நிலத்துக்கு எந்தச் செடி?

நம் முன்னோர் நிலத்துக்கே பூவின் பெயரைச் சூட்டியவர்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்பவை திணைகளின் பெயர்கள் மட்டுமல்ல, தாவரங்களின் பெயர்களும்கூட. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் எத்தனை நம் ஊரில் உள்ளன என்று தேடுவது தமிழாசிரியருக்கு நல்லதொரு செயல்திட்டம்.

• கடலோர மணல்: புன்னை, பூவரசு, அடம்பு.
• வறண்ட செம்மண்: ஆவாரை, நொச்சி, சரக்கொன்றை, வில்வம்.
• ஓரளவு ஈரம் தங்கும் இடம்: மருதம், கறிவேப்பிலை, நன்னாரி. தேனுக்குத் தும்பை, துளசி.

கன்றுகளை வனத்துறை நாற்றங்கால்களில் கேட்டுப் பாருங்கள். காட்டிலிருந்து செடிகளைப் பிடுங்கி வரக் கூடாது.

படிப்படியாக மாற்றுவோம்

ஒரே நாளில் முழுப் புல்தரையையும் கொத்திப் போட வேண்டாம். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் தொடங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் புல்லை ஒட்ட வெட்டி, மண்ணை நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் இறுக்கமாக மூடி 4 முதல் 6 வாரம் விட்டால் வெயிலின் சூட்டில் புல் மடிந்துவிடும். பிறகு தாளை எடுத்துவிட்டுச் சருகு பரப்புங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் நட்டால் மழையே கன்றுகளை வளர்த்துவிடும். தென்மேற்குப் பருவமழை நன்கு பெய்யும் பகுதிகளில் ஜூன் மாதமே நடலாம். முதல் கோடை விடுமுறைக்கு மட்டும், பள்ளிக்கு அருகில் வசிக்கும் பெற்றோரிடம் தண்ணீர்ப் பொறுப்பை முன்கூட்டியே ஒப்படைப்பது அவசியம். பல பள்ளிகளில் கன்றுகள் மடிவது அந்த ஒரு மாதத்தில்தான்.

வகுப்பு வாரியாக

தொடக்க நிலை: பூக்களை எண்ணுதல், இலை வடிவங்களை ஒப்பிடுதல். கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகியின் முட்டை தென்பட்டால் அது வண்ணத்துப்பூச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இளம்புழு பறவையின் எச்சம் போலிருக்கும், வளர்ந்தபின் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போன்ற உறுப்பை நீட்டும். நாள்தோறும் பார்த்து வரையச் சொல்லுங்கள்.

நடுநிலை: 1 மீட்டர் சதுரக் கயிற்றுச் சட்டம் ஒன்றைப் புல்தரையிலும் மற்றொன்றைச் செடிப் பகுதியிலும் வைத்து, 10 நிமிடத்தில் காணும் உயிரினங்களைக் கணக்கெடுத்துப் பட்டை வரைபடம் வரைதல்.

உயர்நிலை: பெண் கறிவேப்பிலை அழகிகளில் சில, ஆடுதின்னாப்பாளையைத் தின்று நச்சுத்தன்மை பெறும் வேறு அழகிகளைப் போலவே தோற்றம் கொண்டவை. பறவைகள் ஏமாந்து அவற்றை விட்டுவிடுகின்றன. இயற்கைத் தேர்வை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

கவனிக்க வேண்டியவை

எருக்கின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அரளி, ஆமணக்கு விதை, செங்காந்தள் கிழங்கு ஆகியவை நஞ்சு. இவற்றைத் தொடக்கப் பள்ளி வளாகத்தில் தவிர்த்துவிடலாம். மயிருள்ள புழுக்களைத் தொடக் கூடாது. பாம்பு பற்றிய பெற்றோரின் அச்சம் நியாயமானதே. எனவே செடிகளை வகுப்பறைச் சுவரிலிருந்து தள்ளி நடுங்கள். அடிக்கிளைகளைக் கழித்து நடைபாதை விடுங்கள். அருகில் கல், விறகு குவிக்காதீர்கள். பூச்சிக்கொல்லி அறவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வுக்கு வருபவர், "இலையெல்லாம் ஓட்டையாக இருக்கிறதே, மருந்தடிக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். "இது புழுக்களுக்கான உணவு" என்று மாணவர் கையால் எழுதிய பலகை ஒன்றை வையுங்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்டால், எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது, அது என்னவாக மாறும் என்று ஐந்தாம் வகுப்பு மாணவரே சொல்லட்டும்.

சத்துணவுக் கூடத்தின் அருகே கறிவேப்பிலைச் செடி இருந்தால், நாளைக் காலை அதன் இலைகளைத் திருப்பிப் பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம்.