பூகோள புஸ்தகமும் பல தரத்து மாணாக்கரும்

பூகோளப் பாட புஸ்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முன்னாளில் தமிழ்நாட்டு மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கு இருந்தது. 2010-ம் வருஷத்துச் சமச்சீர்க் கல்விச் சட்டத்தாலும், 2011 ஆகஸ்டு 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பாலும் அது போயிற்று. ராஜ்யப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை இப்பொழுது புஸ்தகம் ஒன்றே. பணக்காரன் பிள்ளைக்கு ஒரு பூகோளம், ஏழையின் பிள்ளைக்கு வேறொரு பூகோளம் என்ற அநீதி பெருமளவு குறைந்ததை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

ஆனால் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரும் ஒரே தரத்தினர் அல்லரே! இதற்குப் பல பள்ளிகள் கண்டிருக்கும் பரிகாரம் யாது? மெல்லக் கற்போர் கையேடு என்று சில பக்கங்களை அச்சிட்டு, தேறுவதற்குப் போதுமான வினாவிடைகளை உருப்போடச் செய்வதுதான். வாசல் வழியே வந்த சமத்துவம் கொல்லை வழியே வெளியேறுகிறது.

ஆனி ஆடியில் கேரளத்தில் மழை கொட்டுகையில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடப்பது ஏன்? மழை மறைவுப் பிரதேசம் என்று கையேடு ஒரே வரியில் விடை தந்துவிடும். மாணாக்கன் அதை எழுதுவான், மதிப்பெண் பெறுவான், பொருள் அறியான். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே அறுத்தாற்போல் ஒரு படம் வரைந்து, ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையாகிப் பொழிவதையும், கிழக்கே இறங்கும்போது வெப்பமடைந்து உலர்வதையும் காட்டினால், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பையனுக்கும் விளங்கும். அதே படத்தைக் காட்டி, பாலக்காட்டுக் கணவாயில் மலை இல்லையே, அங்கே காற்று என்ன செய்யும்? ஐப்பசியில் வடகிழக்குக் காற்று வங்கக் கடலிலிருந்து ஈரங் கொணர்கையில் யாருக்கு மழை? என்று கூரிய புத்தியுள்ளவனைக் கேட்கலாம். படம் ஒன்று, கேள்விகள் வேறு.

இங்கிலாந்திலும் பூகோளப் பரீக்ஷையை மேல்தரம், கீழ்த்தரம் என்று பிரித்திருந்தார்கள். கீழ்த்தரத்தில் எழுதியவன் எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஒரு வரம்புக்கு மேற்பட்ட கிரேடு பெற முடியாது. 2016-ல் தொடங்கிய புதிய திட்டத்தில் அப்பிரிவினையைக் கைவிட்டார்கள்.

ஆகவே, புஸ்தகத்தைப் பரிசீலிப்போர் பக்கங்களின் பருமனைப் பார்த்துப் பயனில்லை. படங்கள் பேசுகின்றனவா என்று பார்க்கட்டும். இந்தியாவை அளக்கும் பெருவேலையை லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கினார். அப்பரங்கிமலையை அடுத்த பள்ளிகளில் தேசப்படம் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள், புள்ளி வைக்க வேண்டிய இடங்களை மட்டும் மனப்பாடம் செய்வது என்ன விந்தை! கையேட்டுக்குச் செலவாகும் பணத்தில் வகுப்புக்குப் பத்து அட்லஸ் வாங்கிக் கொடுங்கள். மற்றதை உபாத்தியாயர்கள் கவனித்துக்கொள்வார்கள்.