பைக் பழசா, பெயிண்ட் பழசா? கராஜ் இல்லாம வீட்டிலேயே பார்ட்ஸ் பெயிண்ட் பண்ண ஒரு முழுக் கணக்கு

பைக் வாங்கி அஞ்சாறு வருஷம் ஆச்சு. இன்ஜின் நல்லாத்தான் ஓடுது, மைலேஜும் பெருசா குறையல. ஆனா சைடு பேனல் வெளிறிப் போச்சு, லெக் கார்டுல துரு, சாரி கார்டுல கறுப்பு உரிஞ்சு நிக்குது. ஆபீஸ் பார்க்கிங்ல புது வண்டிக்குப் பக்கத்துல நிறுத்தும்போது "மாத்திடலாமா?"னு ஒரு எண்ணம் வரும்.

அந்த எண்ணத்தோட விலையை முதல்ல பார்த்துடுவோம். ஒரு லட்சம் ரூபாய் லோன், 11% வட்டி, 36 மாசம்னு வெச்சுக்கோங்க. இ.எம்.ஐ. மாசம் சுமார் 3,274 ரூபாய். மூணு வருஷத்துல வட்டியா மட்டும் போறது ஏறக்குறைய 17,860 ரூபாய். இன்ஜினுக்காக இந்தப் பணம் போகுதுன்னா நியாயம். நாலு பார்ட்ஸோட பெயிண்ட் போனதுக்காகப் போகுதுன்னா, கொஞ்சம் நில்லுங்க.

வாடகை வீட்ல, கராஜ் இல்லாம, ரெண்டு வார இறுதியில இதைச் சரி பண்ண முடியும். ஆனா எல்லா பார்ட்ஸையும் இல்லை. எதை வீட்ல செய்யலாம், எதைத் தொடவே கூடாதுங்கிறதுலதான் காசும் இருக்கு, உயிரும் இருக்கு.

இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமே?

துருவும் வெளிறலும் தேய்மானக் கணக்கு. அதுக்கு எந்த பாலிசியும் பணம் தராது. கீழே விழுந்து கீறல் பட்டிருந்தா 'ஓன் டேமேஜ்' கவர் இருந்தாத்தான் கேட்கவே முடியும். 2018 செப்டம்பர்ல இருந்து புது டூ வீலருக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஆனா ஓன் டேமேஜ் பலருக்கும் முதல் வருஷத்தோட முடிஞ்சிருக்கும், 5 வருஷம் எல்லாமே கவர் ஆகுதுன்னு நினைச்சுட்டு இருப்பாங்க. உங்க பாலிசியை எடுத்து ஒரு தடவை பாருங்க.

கவர் இருந்தாலும் சின்னக் கீறலுக்கு கிளெய்ம் லாபமான்னு பார்க்கணும். பிளாஸ்டிக் பார்ட்ஸுக்கு ஜீரோ டெப் இல்லைன்னா 50% தேய்மானம் கழிப்பாங்க. கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20%ல ஆரம்பிச்சு 5 வருஷத்துல 50% வரைக்கும் ஏறுற நோ கிளெய்ம் போனஸும் பூஜ்யத்துக்கு வந்துடும். அதனால சின்ன வேலைக்குக் கைக்காசு போடறதே பல நேரம் மலிவு.

கேன் வாங்கறதுக்கு முன்னாடி மூணு விலை கேளுங்க

ஒவ்வொரு பார்ட்டுக்கும் மூணு எண் வேணும். ஒண்ணு, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில புது பார்ட்டோட விலை. ரெண்டு, பெயிண்டிங் பட்டறையில கேட்கிற கூலி. மூணு, நீங்களே செஞ்சா ஆகிற செலவு. சாதாரண கம்யூட்டர் பைக்குக்கு சில பிளாஸ்டிக் பேனல் புதுசாவே மலிவா கிடைக்கும். அதுக்கு ரெண்டு நாள் உப்புத்தாள் தேய்க்கிறது வீண்.

வீட்டுச் செலவுக்கு ஒரு தோராயக் கணக்கு. சாரி கார்டு, லெக் கார்டு, கிராப் ரெயில், ரெண்டு சைடு பேனல், எல்லாம் ஒரே கறுப்புன்னு வெச்சுக்கிட்டா:

- உப்புத்தாள் (180, 320, 600, 1000): 120 ரூபாய்
- பிரைமர் ஸ்பிரே கேன் 1: 300
- கலர் கேன் 2: 600
- கிளியர் கோட் கேன் 1: 300
- கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க்: 800
- கையுறை, கண்ணாடி, மாஸ்கிங் டேப், ஐசோபுரொபைல் ஆல்கஹால்: 350

மொத்தம் 2,470 ரூபாய். கடைக்குக் கடை, பிராண்டுக்கு பிராண்டு மாறும். உங்க ஊர் விலையைப் போட்டுக் கூட்டிக்கோங்க. கேன் மேலேயே எவ்வளவு பரப்புக்கு வரும்னு போட்டிருப்பாங்க, அதை எத்தனை கோட் அடிக்கப் போறீங்களோ அதால வகுங்க. ஒரு கேன் குறைஞ்சு பாதியில நின்னா, அடுத்த கேன்ல ஷேடு மாற வாய்ப்பு இருக்கு.

இதுல என்னோட விதி: பட்டறைக்காரர் கேட்கிற கூலி உங்க மெட்டீரியல் செலவைப் போல ரெண்டு மடங்குக்குள்ள இருந்தா, கொடுத்துடுங்க. உங்க ரெண்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு விலை இருக்கு. ஒரே ஒரு பார்ட்டுதான்னா பெரும்பாலும் பட்டறைதான் ஜெயிக்கும். நாலஞ்சு பார்ட்ஸ் சேரும்போதுதான் வீட்டு வேலை லாபம். ஸ்பிரே கன், கம்ப்ரஸர் வாங்கற ஆசை வந்தா, வருஷத்துல எத்தனை தடவை எடுப்பீங்கன்னு மட்டும் யோசிங்க.

வீட்ல தொடவே கூடாதவை

பெட்ரோல் டேங்க். காலி டேங்க்னா பயமில்லைன்னு நினைப்பாங்க. உள்ளே நிக்கிற பெட்ரோல் ஆவிதான் நிறைஞ்ச டேங்கை விட ஆபத்து. அதோட சாதாரண ஸ்பிரே பெயிண்ட், மூடி பக்கத்துல நாலு சொட்டு பெட்ரோல் பட்டாலே கரைய ஆரம்பிச்சுடும். பெட்ரோலைத் தாங்கற டூ-கே கிளியர்ல ஐசோசயனேட் இருக்கிற ஹார்டனர் கலக்கும். அதை மூச்சில இழுத்தா ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போகும், என்95 மாஸ்க் அதுக்குத் தடுப்பே இல்லை. டேங்கைப் பட்டறைக்கே கொடுத்துடுங்க.

பிரேக் டிஸ்க், காலிப்பர், ஃபோர்க்கோட பளபள குழாய், செயின், ரப்பர், நம்பர் பிளேட், சேஸிஸ் நம்பர் இருக்கிற இடம், எதுலயும் பெயிண்ட் படக் கூடாது. ஹெல்மெட்டையும் சேர்த்துடாதீங்க. பெயிண்ட்ல இருக்கிற கரைப்பான் பிளாஸ்டிக் ஓட்டை பலவீனமாக்கும், வெளியில பார்த்தா தெரியாது.

சைலன்சருக்குச் சாதாரண கறுப்பு அடிச்சா முதல் சவாரியிலேயே கருகிப் புகையும். அதுக்குச் சூடு தாங்கற பெயிண்ட் தனியா வேணும்.

நிறத்தை மாத்தறது வேற கதை. ஆர்.சி.யில வண்டியோட நிறம் பதிவாகி இருக்கு. பாடி கலரையே மாத்தறதா இருந்தா ஆர்.டி.ஓ.வுல கேட்டு ஆர்.சி.யைத் திருத்திக்கோங்க. தொல்லையே வேணாம்னா, இருந்த நிறத்தையே அடிங்க. மெட்டாலிக் கலர் கேன்ல பொருந்தறது கஷ்டம். கறுப்பு பார்ட்ஸ்தான் வீட்டு வேலைக்கு ஏத்தது.

இடம்: மொட்டை மாடி, ஆனா கேட்டுட்டு

ஸ்பிரே கேன்ல இருந்து வெளியே தள்ளற வாயு தீப்பிடிக்கும். அதனால சமையலறை பால்கனி, கேஸ் கீசர், சாமி விளக்கு இருக்கிற பக்கம் வேணாம். கதவைச் சாத்தின அறையும் வேணாம். மாடியில வேணும்னா ஹவுஸ் ஓனர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. தரையில ஒரு கறுப்புத் திட்டு விழுந்தா, வீடு காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல கழிப்பாங்க. நீங்க மிச்சம் பிடிச்ச காசு அங்கேயே போயிடும்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒண்ணு வாங்கி, ஒரு பக்கத்தை வெட்டி, பார்ட்டைக் கம்பியில உள்ளே தொங்கவிடுங்க. பெயிண்ட் தூசி பறந்து கீழே நிக்கிற யாரோ ஒருத்தரோட வெள்ளைக் கார்ல உக்காராது. கீழே பழைய பேப்பர், சுத்தித் தரையில கொஞ்சம் தண்ணி தெளிச்சா தூசி எழாது. பக்கத்துல துணி காயுதான்னும் பாருங்க.

காத்து அதிகமில்லாத, மழை இல்லாத நாள், காலை பத்து மணிக்கு மேல நல்லது. ஈரப்பதம் அதிகமா இருந்தா பெயிண்ட் மேல வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிடும். சென்னை, கடலூர் மாதிரி கடலோர ஊர்ல இதை நல்லாவே பார்க்கலாம். உச்சி வெயில்ல கொதிக்கிற இரும்பு மேலயும் அடிக்காதீங்க.

முதல் வார இறுதி: தேய்க்கிற வேலை

கழட்டறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுங்க. போல்ட்டை பார்ட் வாரியா சின்னச் சின்னக் கவர்ல போட்டு எழுதி வைங்க.

பாத்திரம் கழுவற சோப் போட்டு நல்லா கழுவுங்க. செயின் லூப், பாலிஷ் இதுல இருக்கிற சிலிக்கான் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பெயிண்ட் மீன் கண் மாதிரி வட்ட வட்டமா விலகி நிக்கும்.

துரு இருக்கிற இடத்தைக் கம்பி பிரஷ், 180 உப்புத்தாள் வெச்சு இரும்பு தெரியற வரைக்கும் எடுங்க. மிச்சம் விட்ட துரு பெயிண்டுக்கு அடியில வேலையைத் தொடரும். நல்லா ஒட்டியிருக்கிற பழைய பெயிண்டை முழுசா எடுக்கத் தேவையில்லை. ஓரத்தை 320ல மழுப்பி, விரலை ஓட்டினா மேடு தெரியாத அளவுக்குக் கொண்டு வாங்க, போதும்.

பிளாஸ்டிக் பேனலோட பின்பக்கம் பாருங்க. ஏ.பி.எஸ். என்றோ பி.பி. என்றோ அச்சாகி இருக்கும். பி.பி.ன்னா பெயிண்ட் சுலபமா ஒட்டாது. பிளாஸ்டிக்குக்குன்னு இருக்கிற பிரைமரைத் தனியா அடிக்கணும். பேனல் இருந்தா இந்தக் கேனையும் மேலே இருக்கிற பட்டியல்ல சேர்த்துக்கோங்க.

கடைசியா ஆல்கஹால்ல துடைச்சு, அதுக்கப்புறம் வெறுங்கையால தொடாதீங்க. வெறும் இரும்பு தெரியற பார்ட்டுக்கு அன்னைக்கே பிரைமர் அடிச்சுடுங்க. ராத்திரி விட்டா காலையில மெல்லிசா துரு வந்திருக்கும்.

ரெண்டாவது வார இறுதி: அடிக்கிற வேலை

பிரைமரை 600 உப்புத்தாள், தண்ணி வெச்சு லேசா தேய்ச்சு, காய வைங்க. கேனுக்குள்ள குண்டு உருள்ற சத்தம் வந்ததுல இருந்து ரெண்டு நிமிஷம் குலுக்குங்க. முதல்ல ஒரு அட்டையில அடிச்சுப் பாருங்க.

20, 25 சென்டிமீட்டர் தூரம். பார்ட்டுக்கு வெளியிலயே அமுக்க ஆரம்பிச்சு, கடந்து போய் வெளியிலயே விடுங்க. ஒவ்வொரு வரியும் முந்தின வரியில பாதியை மூடணும். முதல் கோட்ல அடியில இருக்கிற பிரைமர் தெரியத்தான் செய்யும், விடுங்க. ஒரே கோட்ல மூடணும்னு அடிச்சா வழியும். மெல்லிசா மூணு கோட், நடுவுல பத்து நிமிஷம் இடைவெளி. கேன்ல வேற நேரம் போட்டிருந்தா அதையே பின்பற்றுங்க. தப்பான நேரத்துல மேல் கோட் அடிச்சா கீழே இருக்கிறது சுருங்கிடும்.

வழிஞ்சா துடைக்காதீங்க. ஒரு நாள் காய விட்டு, 1000ல தேய்ச்சு, மறுபடி ஒரு கோட் அடிங்க.

பளபளப்பு வேணும்னா ரெண்டு கோட் கிளியர். மேட் கறுப்பு மேல பளபள கிளியர் அடிச்சா மேட் போயிடும், அதுக்கு அந்தக் கேனே வேணாம். பட்டியல்ல 300 ரூபாய் மிச்சம்.

முடிஞ்சதும் கேனைத் தலைகீழாப் பிடிச்சு வெறும் வாயு வர்ற வரைக்கும் அமுக்குங்க, நாசில் அடைக்காது. மிச்சக் கேனை வெயில்லயோ வண்டிப் பெட்டியிலயோ வைக்காதீங்க. காலிக் கேனைக் குத்தவோ எரிக்கவோ வேணாம்.

அரை மணி நேரத்துல தொட்டா ஒட்டாது. ஆனா உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அது வரைக்கும் வாட்டர் வாஷ், பாலிஷ் எதுவும் வேணாம். போல்ட்டை மாட்டும்போது வாஷர் போடுங்க, இல்லைன்னா முதல் திருகுலயே உரியும்.

இது ரீசேலுக்கு உதவுமா?

விக்கறதுக்காகப் பெயிண்ட் பண்றீங்கன்னா அளவோட நிறுத்துங்க. முழு வண்டியும் புதுப் பெயிண்ட்ல இருந்தா, வாங்க வர்றவர் "ஆக்சிடென்ட் ஆன வண்டியா?"னுதான் முதல்ல கேட்பார். துரு இல்லாத கறுப்பு பார்ட்ஸ், பளிச்னு ஒரு வாட்டர் வாஷ், ஒழுங்கான சர்வீஸ் பில், இந்த மூணும் போதும்.

வெச்சு ஓட்டப் போறீங்கன்னா ஒண்ணு செஞ்சு பாருங்க. புது பைக்குக்குப் போயிருக்க வேண்டிய அந்த 3,274 ரூபாயை ஆறு மாசம் ஒரு ஆர்.டி.யில போடுங்க. ஆறாவது மாசம் கையில 19,644 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் இருக்கும். அப்பவும் புது வண்டி வேணும்னு தோணுச்சுன்னா, அது டவுன் பேமென்ட். தோணலைன்னா, பழுது பெயிண்ட்லதான் இருந்திருக்கு, வண்டியில இல்லை.