மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்!

தாய்மார்களே, உங்கள் வீட்டில் இரத்தக் கொதிப்பு உள்ளவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் அவருடைய மருந்துப் பையை இன்றைக்கே மேசைமேல் கொட்டிப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி கொடுத்தது, சுகாதாரக் கிளினிக் கொடுத்தது, அவசரத்துக்குப் பட்டணத்துத் தனியார் டாக்டரிடம் வாங்கியது என்று பலவிதப் பொட்டலங்கள் கிடக்கும்.

ஆபத்து இதில்தான் இருக்கிறது. ஒரே மருந்தை வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு பெயரில் விற்கின்றன. ‘அம்லோடிபின்’ மாத்திரையே ஒரு பெட்டியில் ஒரு பெயரோடும், இன்னொரு பெட்டியில் வேறு பெயரோடும் வரும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கித் தலை சுற்றும். வயதானவர்கள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு. முழங்கால் வலிக்குச் சாப்பிடும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளோ கொதிப்பை ஏற்றக்கூடியவை, சிறுநீரகத்துக்கும் ஆகாதவை. நீங்கள் சொல்லாவிட்டால் ஒரு டாக்டர் கொடுத்தது மற்றவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பையையும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது தந்த கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

சிலருக்குப் பெரிண்டோபிரில் சாப்பிட்டால் வறட்டு இருமல் வரும். உடனே மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, டாக்டரிடம் மட்டும் “ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்” என்பவர்களை என்னென்று சொல்வது! உண்மையைச் சொன்னால் அவர் வேறு மாத்திரை தருவார். மறைத்தால் அளவைக் கூட்டத்தான் செய்வார்.

நம் மலேசியாவிலும் தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலுமாக 30 ஊர்களில் 1,371 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. சில ஊர்களில் வழக்கமான வைத்தியம் மட்டுமே. மற்ற ஊர்களில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் அழுத்தத்தைப் பார்த்து யோசனை சொன்னார், டாக்டர் மேற்பார்வையிட்டார், மருந்து இலவசம், குடும்பத்திலோ நட்பிலோ ஒருவர் துணை நின்றார். ஒரு வருடத்தில் வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 100-க்கு 30 பேருக்கே கொதிப்பு கட்டுக்குள் வந்தது. கூட்டாகக் கவனிக்கப்பட்டவர்களில் 69 பேருக்கு! அந்தத் துணையாள் வேலைக்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். மகளோ மருமகளோ பேரனோ செய்யலாம்.

மருந்துக்காக மட்டும் தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் பஸ் ஏறுகிறீர்களா? அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துக் கூடத்தில் ‘எஸ்.பி.யு.பி.’ வேண்டும் என்று கேளுங்கள். அடுத்தடுத்த மாத மருந்தை வீட்டுக்குப் பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்து தருவார்கள்.

வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள். காப்பி குடித்த கையோடு பார்க்க வேண்டாம். பிள்ளைகளின் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். 135/85-க்கு மேல் அடிக்கடி காட்டினால், கொடுத்த தேதிவரை காத்திராமல் நோட்டுடன் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ கிளினிக் திறக்கட்டும் என்று இராதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.