குறைந்த செலவில் காற்றுச் சுரங்க ஆய்வு: ரைட் சகோதரர்களின் ஒப்பீட்டு அளவீட்டு முறை

காற்றியக்கவியல் ஆய்வில் செலவு என்றவுடன் சுரங்கத்தின் அளவும் விசிறியின் திறனுமே பெரிதும் பேசப்படுகின்றன. தேவைப்படும் திறன் காற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், எதனை அளக்கிறோம் என்ற தெரிவே சிறிய ஆய்வகத்தின் செலவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இதனை, அமெரிக்காவின் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்கள் 1901ஆம் ஆண்டு அமைத்த காற்றுச் சுரங்கத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

அவ்வாண்டு அவர்கள் உருவாக்கிய சறுக்கு வானூர்தி, லிலியந்தாலின் அட்டவணைப்படி கணக்கிட்ட ஏற்றுவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தந்தது. ஐயத்தைத் தீர்க்க, 6 அடி நீளமும் 16 அங்குலச் சதுர வாயும் உடைய மரப்பெட்டி ஒன்றைத் தம் மிதிவண்டிக் கடையிலேயே அமைத்தனர். கடை எந்திரங்களை இயக்கிய எரிவாயு எந்திரமே விசிறியையும் சுழற்றியது. தராசுகள் ரம்பத் தகடுகளாலும் மிதிவண்டி ஆரக்கம்பிகளாலும் ஆனவை.

இத்தராசின் அமைப்பே இங்குக் கருதத்தக்கது. விசையை நேரடியாக எடையலகில் அளப்பதாயின், காற்றின் வேகம், அடர்த்தி, தட்டைத் தகட்டின் மீதான அழுத்தக் கெழு ஆகிய மூன்றும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இறுதியாகச் சொன்ன சுமீட்டன் கெழு அன்று 0.005 எனக் கொள்ளப்பட்டது. சகோதரர்கள் தம் சறுக்கு வானூர்திச் சோதனைகளிலிருந்து பெற்றதோ ஏறத்தாழ 0.0033. இச்சிக்கலை அவர்களது தராசு தவிர்த்தது. மாதிரி இறக்கையின் ஏற்றுவிசையும், காற்றை நேராக எதிர்கொள்ளும் சிறு தகடுகளின் மீதான விசையும் ஒரே காற்றோட்டத்தில் ஒன்றையொன்று சமன் செய்தன. வேகம் சற்றே மாறினும் இரண்டும் ஒரே விகிதத்தில் மாறும். முள் காட்டும் கோணம் மாறாது. அக்கோணத்தின் சைன் மதிப்பு, தகட்டு விசையை அலகாகக் கொண்ட ஏற்றுவிசைக் கெழுவைத் தந்தது. எனவே விலையுயர்ந்த வேகமானி தேவைப்படவில்லை. காற்றோட்டத்தின் திசையில் மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அறையில் ஆள் நிற்கும் இடம் மாறினாலே ஓட்டம் பிறழும் என்பதால், அளவெடுக்கும்போது ஒரே இடத்தில் நின்றனர்.

பயன் 1902ஆம் ஆண்டின் ஊர்தியில் தெரிந்தது. முன்பு 22 அடி நீளமும் 7 அடி அகலமுமாக இருந்த இறக்கை, 32 அடி நீளமும் 5 அடி அகலமுமாக மாறியது.

எனினும் விகித அளவீட்டால் தீராத குறை ஒன்றுண்டு. ஓரங்குல அகல மாதிரியின் மீது நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் காற்று செல்கையில் ரெனால்ட்ஸ் எண் சுமார் 20,000. முழு அளவு ஊர்தியிலோ அது பத்து இலட்சத்தை எட்டும். குறைந்த எண்ணில் மெல்லிய, வளைந்த இறக்கைகளே சிறந்தவையாகத் தோன்றும். முதல் உலகப் போரின் தொடக்க கால விமானங்கள் மெல்லிய இறக்கைகளைக் கொண்டிருந்தமைக்கு இத்தகைய சிறு சுரங்க முடிவுகளும் ஒரு காரணம். கோட்டிங்கனின் பெரிய சுரங்கமே 1917 அளவில் தடித்த இறக்கைகளின் மேன்மையைக் காட்டியது. ஆகவே, ரெனால்ட்ஸ் எண்ணைக் குறிப்பிடாத சிறு சுரங்க முடிவு எவ்வளவு துல்லியமாயினும் ஒப்பிடத் தகுதியற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

லாங்லி ஆய்வகம் 1922இல் காற்றை 20 வளிமண்டல அழுத்தத்திற்குச் செறிவூட்டி இக்குறையைத் தீர்த்தது. அவ்வசதி இல்லாத துறைகளுக்கு நீர்த்தொட்டி உண்டு. நீரின் இயக்கப் பாகுநிலை காற்றினுடையதில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கே. எனவே 30 செ.மீ. அகல மாதிரியை நீருள் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இழுப்பது, காற்றில் 15 மீட்டர் வேகத்திற்கு நிகரான ரெனால்ட்ஸ் எண்ணைத் தரும். விசையோ மூன்று மடங்குக்கு மேல் கூடும் என்பதால் எளிய விசையுணரியே போதும். மேற்பரப்பில் அலை எழாத ஆழத்தில் மாதிரியை அமிழ்த்தி வைத்தல் வேண்டும்.